முடிவுத் திகதி

சீனக்குடாக் காட்டுக்குள் இன்னும் நிற்கின்றன
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்க் குதங்கள்.
எங்கள் தரவுக் களஞ்சியத்தைப் பார்க்கக்
கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர்
அப்படி ஒன்றைத்தான் தேடினார் போலும்.
உட்துறைமுக வீதி மாடியில்
குளிரூட்டி ஒழுகும் அறையில்
ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினேன்.
"இவ்வளவுதானா?"
இவ்வளவுதான் ஐயா,
முப்பத்தொரு வருடக் கடல்.

கரையில் நடப்பது வேறு கணக்கு.
விடிய ஐந்தரைக்கு ஒரு விலை கத்துபவன்
ஆறு மணிக்கு வேறு விலை கத்துவான்.
ஏலக்காரரின் கணினியும் அவனைப் போலத்தான்,
பழைய விலையின் மேலேயே புதியதை எழுதும்.
குறை சொல்லவில்லை. நின்று யோசித்தால் மீன் நாறிவிடும்.
எங்களுடையதற்கு அவசரம் இல்லை.
படகுகள் போன பிறகு, இரவு ஒன்றேகாலுக்கு,
அன்றைய கணக்கை அள்ளிவந்து வைக்கும்.
வைத்ததை எடுக்காது.

அள்ளுவது சுலபம், அலசுவதுதான் பாடு.
கிண்ணியாக் கொப்பியில் அறுக்குளா,
கொட்பேயில் சிங்களத்தில் தோரா,
திணைக்களப் படிவத்தில் சீயர்.
மூன்றும் ஒரே மீன்.
புல்மோட்டையார் பெட்டியில் எண்ணுவார்கள், மூதூரார் கிலோவில்.
குச்சவெளிச் சங்கத்தில் ஒருவர்
மூன்று வருடமாக
'நல்ல பாடு' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்.
நல்ல பாடு எத்தனை கிலோ?
அஜந்தனும் நானும் ஒரு மாரி முழுக்க
அந்த இரண்டு சொல்லோடு மல்லுக்கட்டினோம்.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு,
கைவிட்டுப் பார்த்து அடுத்ததற்குப் போகலாம்.
எங்களிடம் எல்லாக் கிணறும்
ஒரே சூட்டுக்கு வந்தாக வேண்டும்.

யார் கடன், யார் வட்டி, எந்த ரசீது,
அந்தப் பேச்செல்லாம் வாசலோடு சரி.
மீன், படகு, கரை, நாள்.
எதைக் கேட்டாலும்
இந்த நாலில் நின்றுதான் அது பதில் சொல்லும்.

பூச்சியம் என்றால்
போனார்கள், வலை வெறுமையாக வந்தது.
வெற்றிடம் என்றால் போகவில்லை.
போக விடவில்லை என்பதற்கும் வெற்றிடம்தான்.
தொண்ணூறுகளில் பக்கம் பக்கமாக வெற்றிடம்.
"வரைபடம் அறுந்து நிற்குது, பூச்சியத்தைப் போடும்"
என்றார் பணிப்பாளர்.
போடவில்லை.

போன ஆவணியில் றிபாயா வந்தார்,
கிண்ணியாவிலிருந்து, கையில் ஒரு கோப்போடு.
படகு 1147. உரிமையாளர் ஜவ்பர்.
"அவர்ட பேர அழிச்சி என்ட பேரப் போடட்டாம்,
வங்கியில சொல்றாங்க."
கரைக் கணினியில் அது ஒரு விநாடி வேலை.
இங்கே அழிப்பதில்லை என்றேன்.
அவர் வரிசைக்கு ஒரு முடிவுத் திகதி இடுவோம்,
கீழே உங்களுக்கு ஒரு புது வரிசை.
அவர் பிடித்ததெல்லாம் அவர் பெயரிலேயே கிடக்கும்.

திரையில் அதுவரை இருந்த முடிவுத் திகதி
9999 டிசம்பர் 31.
முடியாத எல்லாவற்றுக்கும் நாங்கள் இடுவது.
கிட்ட வந்து பார்த்தார்.
"எட்டாயிரம் வருசம் இருப்பாரெண்டா
எழுதி வச்சிருந்தீங்க?"
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எந்த நாளை இடுவது?
கடலுக்குப் போன நாளா,
தேடுவதை விட்ட நாளா,
மவுத்துப் பத்திரத்தில் இருப்பது
எல்லாவற்றுக்கும் நாற்பது நாள் பிந்தியது.
அவர் கோப்பைத் திறக்கவேயில்லை.
"படகு தனிய வந்த நாளப் போடுங்க."

பிறகு கேட்டார்,
"அண்டைக்கு அதில மீன் இருந்திச்சாமே?"
தேடினேன்.
இருந்தது. இழுத்து வந்தவர்களில் யாரோ
அதையும் தராசில் ஏற்றியிருக்கிறார்கள்.
அறுக்குளா, முப்பத்தெட்டுக் கிலோ,
பிடித்தவர் ஜவ்பர்.
பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில்
38 என்று எழுதிக்கொண்டார்.

அன்றிரவு ஏற்றம் ஒன்றேகாலுக்குத் தொடங்கி
இரண்டுக்கு முடிந்தது. பிழை எதுவுமில்லை.
1147, உரிமையாளர் றிபாயா,
முடிவுத் திகதி 9999.